ஸ்கிரைபஸ் 1.6: ஓர் இதழை முதல் திட்டத்திலிருந்து விநியோகம் வரை கொண்டுசெல்லுமா?

சிறு குழுவாக இதழ் நடத்துவோர் பக்க வடிவமைப்புக்கான மென்பொருளைத் தேடும்போது முதலில் விசாரிப்பது விலையைத்தான். அந்த வகையில் ஸ்கிரைபஸ் எந்தச் சிக்கலையும் தருவதில்லை. அது ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். மாதக் கட்டணம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆனால் இதழ் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் கெட்டுப்போன பிளேட்டுக்கும் (அச்சுத் தகடு), மறுபடி அச்சிட்ட பாரத்துக்கும் (பல பக்கங்கள் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பெருந்தாள்), கடைசி நேரத்தில் மெய்ப்பு பார்ப்பவரும் வடிவமைப்பாளரும் சேர்ந்து இழக்கும் இரவுகளுக்கும் கொடுக்கும் விலை அதிகம். எனவே, இதழின் முதல் ஆலோசனைக் கூட்டத்திலிருந்து அச்சான பிரதி வாசகர் கைக்குப் போவது வரையிலான ஒவ்வொரு கட்டத்திலும் இந்த மென்பொருள் எங்கே தோள் கொடுக்கிறது, எங்கே நழுவிக்கொள்கிறது என்பதையே இங்கே பார்க்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடக்கத்தில் வார்ப்புரு அமைக்கும்போதும் இறுதியில் அச்சகத்துக்கான கோப்பை உருவாக்கும்போதும் ஸ்கிரைபஸ் உறுதியாக நிற்கிறது, நடுவில், கட்டுரைகள் மாறிக்கொண்டே இருக்கும் நாட்களில், அது பொறுமையைச் சோதிக்கிறது. முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடும் ஆசிரியர் குழுவுக்கு இது நல்ல கருவி. அச்சுக்குப் போகும் நாள்வரை எதையும் முடிவுசெய்யாத குழுவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ் வாசகர்களுக்கு முதலில் எழும் ஐயம் எழுத்துருவைப் பற்றியதாகத்தான் இருக்கும். 2012இல் வந்த 1.4 பதிப்பில் யுனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் தத்தம் இடம் மாறி நின்றன. 'கொ', 'போ' போன்ற எழுத்துகள் உடைந்தன. அதனால் பலர் இந்த மென்பொருளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியிருப்பார்கள். 1.5 வரிசையில் எழுத்துகளைக் கோக்கும் பொறுப்பு ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு அந்தக் குறை நீங்கியது. 2024இல் நிலையான வெளியீடாக வந்த 1.6 பதிப்பில் தமிழ் அடிப்படைச் சிக்கல் எதுவுமின்றி நிற்கிறது. பழைய அனுபவத்தை வைத்து ஸ்கிரைபஸை ஒதுக்கியவர்கள் மறுபடி பார்க்கலாம். எழுத்தாளர்கள் இன்னும் பழைய குறியாக்க எழுத்துருவில் கட்டுரை அனுப்பினால் அதை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பக்கத்தில் ஊற்றிய பிறகு மாற்ற நினைப்பது வீண் வேலை.

திட்டமிடும் கட்டத்தில் ஸ்கிரைபஸிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இதழின் பக்க எண்ணிக்கை, எந்தப் பக்கத்தில் எது, எங்கே விளம்பரம், எங்கே வண்ணம் என்பதையெல்லாம் தாளிலோ அட்டவணைக் கோப்பிலோ ஒரு பக்க வரைபடமாகத் தீட்டிக்கொண்டுதான் இதற்குள் வர வேண்டும். நடுவில் பின் அடிக்கும் இதழென்றால் மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்காமல் விடுவது பாரத்தின் கணக்கை. பதினாறு பக்கப் பாரம் ஒன்றில் தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும் மறுபுறத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய பக்கங்களும் அச்சாகும். செலவைக் குறைக்க ஒரு புறத்துக்கு மட்டும் நான்கு வண்ணம் என்று முடிவு செய்தால், புகைப்படக் கட்டுரை 6, 7, 8 ஆகிய பக்கங்களில் தொடர்ந்து வண்ணத்தில் வர வழியே இல்லை. இந்தக் கணக்கு ஸ்கிரைபஸுக்குத் தெரியாது. பக்கங்களைப் பாரத்தில் அடுக்கும் வசதி அதில் இல்லை. அது அச்சகத்தின் வேலை. பக்கங்களைச் சிறு படங்களாகக் காட்டி இழுத்து இடம் மாற்ற விடும் பலகம் ஒன்று இருக்கிறது. வரைபடம் மாறும்போது அது உதவும். வரைபடத்தைப் போடுவதற்கு அது போதாது.

தாளைத் தேர்வு செய்வதும் இதே கட்டத்தில் முடிய வேண்டிய காரியம். ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் ஏ4 அளவு இலை ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். 48 பக்க இதழில் 24 இலைகள். ஆக உள்பக்கங்கள் மட்டும் 120 கிராம், அட்டையும் உறையும் தனி. அஞ்சல் கட்டணம் எடைப்படி ஏறுவதால், சந்தாதாரர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு இந்தச் சிறு கணக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இதழ் அச்சான பிறகு தராசில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

வார்ப்புரு அமைக்கும் வேலையில்தான் இந்த மென்பொருளின் முதல் பலம் வெளிப்படுகிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி மாஸ்டர் பக்கங்கள் (பக்கந்தோறும் மீண்டும் வரும் கூறுகளைத் தாங்கும் மாதிரிப் பக்கங்கள்), முதல் பக்கங்களுக்கு வேறு எண் வரிசை வேண்டுமென்றால் அதற்கான பிரிவுகள், வரிகள் எல்லா நெடுவரிசைகளிலும் ஒரே மட்டத்தில் அமர்வதற்கான அடிக்கோட்டு வலை, பத்தி, எழுத்து, கோடு ஆகியவற்றுக்கான ஸ்டைல்கள் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்புகள்) என்று ஓர் இதழுக்கு வேண்டிய எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது. ஸ்டைல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வகையில் அமைகின்றன. 'உடற்பகுதி' என்ற தாய் ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினால் அதைச் சார்ந்த பெட்டிச் செய்தி, மேற்கோள், அடிக்குறிப்பு அனைத்தும் மாறும். அளவு மட்டும் அவரவருடையதாகவே இருக்கும். அடிக்கடி வரும் பெட்டிகளையும் பட்டைகளையும் துணுக்குப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஒருமுறை நிதானமாகச் செய்துவிட்டால் அடுத்தடுத்த இதழ்களில் வடிவமைப்பு வேலை பாதியாகக் குறைகிறது.

தமிழுக்கென்று ஓர் அமைப்பை இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது. ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்கள் குறுகிய நெடுவரிசைக்குள் இருபுறமும் சீராக நிற்க மறுக்கின்றன. ஒரு வரியில் மூன்று சொற்களே கொள்ளும்போது இடைவெளிகள் பல்லிளிக்கும். ஏ4 பக்கத்தில் மூன்று நெடுவரிசை என்று அடம்பிடிக்காமல் இரண்டு நெடுவரிசைக்கு இறங்குவது முதல் மருந்து. அதற்கும் மேல், பத்தி ஸ்டைலில் எழுத்தின் அகலம் எவ்வளவு சுருங்கலாம், விரியலாம் என்றும், சொல்லிடைவெளி எந்த அளவுவரை குறையலாம் என்றும் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. எழுத்தின் அகலத்துக்கு 98 முதல் 102 விழுக்காடு வரை இடம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமலேயே பல ஓட்டைகள் அடைபடும். அதற்கு மேல் நீட்டினால் எழுத்து உப்பிப்போனது தெரிந்துவிடும். எஞ்சிய இடங்களில் மென் இடைக்கோட்டை (வரி முடிவில் விழுந்தால் மட்டும் தெரியும் கோடு) கையால் இட்டுச் சொல்லை உடைப்பதே வழி. அதையும் மெய்ப்பு முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும்.

இனி நடுப்பகுதி. கட்டுரைகள் வந்துசேர்ந்து, திருத்தங்கள் ஓடி, பக்கங்கள் நிரம்பும் இந்த நாட்களில் ஸ்கிரைபஸின் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதலாவது, ஒரு கோப்பில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஆசிரியர் ஒரு பக்கம் சொற்களைத் திருத்த, வடிவமைப்பாளர் மறுபக்கம் படங்களை அமைக்க என்று இரண்டு பேர் புழங்குவதற்கு இதில் ஏற்பாடு இல்லை. திருத்தங்களைச் சொற்செயலியிலேயே முடித்து, கையெழுத்திட்டு, அதன் பிறகே கட்டுரையை உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற ஒழுங்கு இதனால் தானாகவே வந்துவிடுகிறது. ஒழுங்குள்ள குழுவுக்கு இது நன்மைதான். ஆனால் மென்பொருளின் குறையையே குணமென்று கொண்டாட வேண்டியதில்லை.

இரண்டாவது, நீண்ட கட்டுரையில் கடைசி நேரத்தில் கைவைப்பது. நான்கு பக்கங்களில் இணைக்கப்பட்ட எட்டுச் சட்டகங்களில் (உரையோ படமோ அமரும் பெட்டிகள்) ஓடும் ஒரு நேர்காணலை எடுத்துக்கொள்வோம். பேட்டி கொடுத்தவர் இரண்டாம் பதிலில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்ததும் உரை முழுவதும் கீழே நகர்கிறது; மூன்றாம் பக்கத்தில் படத்தைச் சுற்றி ஓடிய வரிகள் மாறுகின்றன; உபதலைப்பு ஒன்று நெடுவரிசையின் அடியில் தனியாகத் தொங்குகிறது; எட்டாம் சட்டகத்தின் வலது கீழ் மூலையில் சிவப்பாகப் பெருக்கல் குறியிட்ட சிறு கட்டம் தோன்றுகிறது. உரை வழிந்துவிட்டது, மிச்சம் எங்கும் தெரியவில்லை என்பதற்கான அடையாளம் அது. இந்த அளவில் மற்ற மென்பொருள்களும் ஏறக்குறைய இப்படித்தான். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது: இணைந்த சட்டகங்கள் கூடக்கூட, பக்கத்தின் மேலேயே தட்டச்சு செய்யும்போது திரை பின்தங்குகிறது. உரைக்கெனத் தனியாகத் திறக்கும் திருத்துச் சாளரத்தில் செய்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அங்கே வரி எங்கே உடைகிறது என்பது தெரியாது. இதழ் முழுவதையும் ஒரே கோப்பாக வைக்காமல் கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, கடைசியில் பக்கங்களை இறக்குமதி செய்து கோப்பதே இதற்கு நான் கண்ட நடைமுறை வழி.

உள்ளடக்கப் பக்கத்தைத் தானாக உருவாக்கும் வசதி பெயரளவுக்கு உண்டு. 1.6இல் ஒவ்வொரு தலைப்புச் சட்டகத்துக்கும் பண்புக்கூறு ஒன்றைக் கையால் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பதினைந்து கட்டுரை கொண்ட இதழுக்கு உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்துவிடுவதே சுலபம். அட்டவணைகள் இன்னும் மோசம். புள்ளிவிவரம் நிறைந்த பொருளாதார இதழ் நடத்துவோர் இதை அறவே தவிர்க்கலாம்.

படங்களைப் பொறுத்தவரை, சட்டகத்தில் வைக்கும் படம் இயல்பாகக் கோப்புக்குள் சேர்வதில்லை. அது இருக்கும் இடத்துக்கான முகவரி மட்டுமே பதிவாகும். படக் கோப்புறையை யாராவது நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ சட்டகம் வெறுமையாகும். ஆகவே இதழுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் படங்களுக்கு ஒரு கோப்புறை என்று முதல் நாளே பிரித்துக்கொள்வது நல்லது. வடிவமைப்பு முடிந்ததும் ஆவணம், படங்கள், எழுத்துருக்கள் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டிக் கொடுக்கும் கட்டளை இருக்கிறது. அது நம்பகமாகவே வேலை செய்கிறது. படத்தின் தரத்தைக் கணிக்கவும் மென்பொருள் உதவுகிறது. 3000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் 10 அங்குலம், அதாவது 25.4 சென்டிமீட்டர் வரை தாங்கும். கைப்பேசிச் செய்தியில் சுருங்கி வந்த 1000 புள்ளிப் படம் எட்டரைச் சென்டிமீட்டருக்கு மேல் தாங்காது. சட்டகத்தில் படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது அதன் உண்மையான அடர்த்தி எவ்வளவாகக் குறைந்தது என்பதைப் பலகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அச்சுக்கு முந்தைய கட்டம்தான் இந்த மென்பொருளின் உண்மையான பெருமை. ஏற்றுமதிக்கு முன் இயங்கும் பிழைச் சோதனை, வழிந்த உரை, காணாமல்போன படம், எழுத்துருவில் இல்லாத எழுத்து, பக்கத்துக்கு வெளியே கிடக்கும் பொருள், அடர்த்தி குறைந்த படம் ஆகியவற்றைப் பக்கவாரியாகப் பட்டியலிடும். ஒன்றைச் சொடுக்கினால் அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். ஒரு முன்னெச்சரிக்கை: படத்தின் குறைந்தபட்ச அடர்த்திக்கு அதில் இயல்பாக இருக்கும் அளவு அங்குலத்துக்கு 144 புள்ளிதான். பளபளப்பான தாளில் அச்சிடும் இதழுக்கு அது போதாது. அதை உயர்த்தாவிட்டால் மங்கலான படத்துக்கும் சோதனை தேர்ச்சி கொடுத்துவிடும்.

அதையும் தாண்டி, அச்சு முன்னோட்டத்தில் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு வண்ணப் பிளேட்டுகளைத் தனித்தனியே அணைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. இதற்காக மட்டுமே ஸ்கிரைபஸைப் பரிந்துரைக்கலாம் என்பேன். கறுப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரையின் எழுத்துகள் முற்றிலும் மறைந்துவிட்டால் எல்லாம் சரி. ஏதாவது ஒரு பத்தி பழுப்பாகவோ சாம்பலாகவோ எஞ்சி நின்றால், அந்தப் பத்தியின் கறுப்பு நான்கு மைகளாலும் ஆனது என்று பொருள். பெரும்பாலும் அது சொற்செயலியிலிருந்து ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவை) நிறத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட உரையாக இருக்கும். அப்படியே அச்சுக்குப் போனால், நான்கு பிளேட்டுகள் ஒரு மயிரிழை விலகினாலும் பத்துப் புள்ளி எழுத்துகளின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டி, பக்கம் முழுவதும் கண்ணைக் கூசச் செய்யும். வண்ணப் பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற பெயரில் இருக்கும் நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு மையும் முழு அளவில் விழும்படி, பிளேட்டுகளைப் பொருத்திப் பார்க்கும் குறிகளுக்காக வைக்கப்பட்டது அது. தலைப்புக்கு அதைக் கொடுத்தால் தாளின் மேல் 400 விழுக்காடு மை ஏறும். காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். இதே முன்னோட்டத்தில் மொத்த மையளவு ஒரு வரம்பைத் தாண்டும் இடங்களைக் குறித்துக் காட்டும் வசதியும் உண்டு. பளபளப்புத் தாளுக்குப் பொதுவாக 300 விழுக்காட்டை ஒட்டிய வரம்பைச் சொல்வார்கள், செய்தித்தாளுக்கு 240 அளவில். உங்கள் அச்சகத்திடம் கேட்டு அந்த எண்ணை இடுவதே சரி.

அச்சகத்துக்கென வகுத்த பிடிஎஃப் எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 ஆகிய மூன்று தரங்களிலும் ஸ்கிரைபஸ் கோப்பைத் தருகிறது. முதன்முறை முயல்பவர்கள் இங்கே தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வண்ண மேலாண்மையை (திரை நிறத்தையும் அச்சு நிறத்தையும் பொருத்தும் அமைப்பு) இயக்காதவரை இந்தத் தேர்வுகளே கிடைக்காது. இயக்கிய பிறகும், அச்சு முன்தயாரிப்புப் பக்கத்தில் உள்ள தகவல் வரி என்ற சிறு கட்டத்தில் எதையாவது நிரப்பாதவரை சேமிக்கும் பொத்தான் உயிர் பெறாது. இதழின் பெயரைத் தட்டினாலே போதும். இதைத் திரையில் எங்காவது தெளிவாகச் சொல்லியிருக்கலாம். வெட்டுக்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவதை ஆவண அமைப்பிலேயே ஒருமுறை குறித்துவிட்டால், ஏற்றுமதியின்போது அதையே பயன்படுத்தச் சொல்லலாம்.

அட்டையைத் தனிக் கோப்பாகச் செய்யுங்கள். முதுகு ஒட்டும் இதழென்றால் முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே விரிபக்கமாக வேண்டும். முதுகின் அகலம் இலைகளின் எண்ணிக்கையைத் தாளின் தடிமனால் பெருக்கினால் கிடைக்கும். 96 பக்கம் என்றால் 48 இலை. தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 4.8 மில்லிமீட்டர். பட்டைக்குறியை (பார்கோடு) வேறெங்கும் தேட வேண்டியதில்லை, உள்ளேயே உருவாக்கலாம். கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் துணை மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதழ்களுக்கான பட்டைக்குறி 977 என்று தொடங்கி, ஐஎஸ்எஸ்என் என்னும் இதழ் அடையாள எண்ணின் முதல் ஏழு இலக்கங்களைச் சுமந்து செல்லும். எட்டாவதான சரிபார்ப்பு இலக்கத்தை அதில் சேர்க்கக் கூடாது, பட்டைக்குறி தனக்கென வேறு சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

விநியோகத்தில் ஸ்கிரைபஸின் பங்கு பாதியோடு நிற்கிறது. அச்சுப் பிரதிகளை முகவர்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் அனுப்பிய பின், அதே ஆவணத்திலிருந்து திரைக்கான பிடிஎஃப் ஒன்றைத் தனியாக எடுக்கலாம்: நிறம் ஆர்ஜிபியாக, படங்கள் குறைந்த அடர்த்தியில், உள்ளடக்கத்திலிருந்து கட்டுரைக்குத் தாவும் இணைப்புகளோடு. எழுத்துருக்களை வடிவங்களாக மாற்றும் தேர்வை மட்டும் திரைப் பதிப்பில் தொடாதீர்கள். மாற்றினால் வாசகர் அதில் ஒரு சொல்லைக்கூடத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது. ஆனால் கைப்பேசியில் வாசிப்பவருக்கு ஏ4 பக்கத்தின் பிடிஎஃப் தண்டனைதான். திரைக்கேற்ப உரை தானாக மடங்கும் இபப் வடிவத்தை 1.6 நேரடியாகத் தருவதில்லை. மின்பதிப்பையும் முக்கியமாகக் கருதும் இதழ்கள், திருத்தி முடித்த சொற்செயலிக் கோப்புகளிலிருந்து அதைத் தனியே உருவாக்க வேண்டும். மெய்ப்புத் திருத்தங்களைப் பக்கத்தில் மட்டும் செய்துவிட்டு மூலக் கோப்பில் செய்யாமல் விடுபவர்களுக்கு இங்கே இரட்டை வேலை காத்திருக்கிறது. விலைக்கு விற்கும் மென்பொருள்களில் அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் இந்த ஒரு காரியத்தில் தெளிவாக முன்னே நிற்கிறது.

இன்னும் இரண்டு செய்திகள். 1.6இல் சேமித்த கோப்பை 1.4இல் திறக்க இயலாது. ஆகவே குழுவில் உள்ள அனைவரும் ஒரே பதிப்பை நிறுவிக்கொள்வதும், ஓர் இதழின் நடுவில் பதிப்பை மாற்றாமல் இருப்பதும் கட்டாயம். அடுத்து, புதிய இதழைத் தொடங்கும்போது முந்தைய இதழின் கோப்பை வேறு பெயரில் சேமித்து அதிலேயே வேலையை ஆரம்பிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் யாரோ ஒருவர் எப்போதோ ஒட்டிய உரையோடு வந்த நிறங்களும் ஸ்டைல்களும் இதழுக்கு இதழ் பட்டியலில் குவிந்து, மேலே சொன்ன நான்கு மைக் கறுப்பு மறுபடி தலைதூக்கும். வெற்று வார்ப்புரு ஒன்றைத் தனியே பூட்டிவைத்து, ஒவ்வொரு இதழையும் அதிலிருந்தே தொடங்குங்கள்; முடிந்த இதழின் திரட்டிய கோப்புறையையும் அச்சகத்துக்கு அனுப்பிய அதே பிடிஎஃப்பையும் சேர்த்து, மறு அச்சு கேட்டு வருபவருக்காக ஓரமாக வைத்துவிடுங்கள்.